கன மீட்டருக்கு எவ்வளவு

அர்த்திக்கில் கல்லுக்கு நிறம் உண்டு.
வெட்டும்போது ரோஜா,
நனைந்தால் ஈரல்,
வீடாகிவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.
அப்பா குவாரியில் அளவுக்காரர்.
ஆறிப்போன எரிமலை ஒன்றைக்
கன மீட்டர் கன மீட்டராய் லாரியேற்றி
யெரெவானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்
முப்பது வருடம்.

நிலவியல் எடுத்தேன்.
வேறென்ன எடுப்பாள் என்றது ஊர்.
நான்கு வருடம் நான் கற்றதெல்லாம் கல்.
சுத்தியல், லென்ஸ், அமிலம் ஒரு சொட்டு,
வண்டலா களிமண்ணா என்று
நாக்கில் வைத்துப் பார்ப்பது.
நீ முத்தமிட்டதைவிட
நக்கிய பாறைகள் அதிகம் என்பாள்
ஆய்வகத்தில் நுனே.
கணக்கு சரிதான்.

முதுகலையில் குமிழிகள் தந்தார்கள்.
கெகாம் மலைத்தொடரின் பசால்ட்.
குழம்பு ஆறும்போது வெளியேற முடியாத வாயு
அப்படியே விட்டுப்போன ஓட்டைகள்.
மேலே பெரிது, அடியில் சிறிது.
அடிக்குமிழியின்மேல்
குழம்பின் பாரமும் காற்றின் பாரமும்.
மேற்குமிழியின்மேல் காற்று மட்டும்.
இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால்
அன்றைக்கு வீசிய காற்றின் எடை.

ஆயிரத்து நூற்றுப் பதினாறு ஓட்டைகள்.
அறுக்கும் இயந்திரத்தின் தண்ணீர்
சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கையில் சொட்ட,
பிப்ரவரி முழுக்க
இல்லாததை அளந்தேன்.

விடை: பத்தில் ஏழு.
கடற்கரைக் காற்றில் பத்தில் ஏழு பங்கு.
தப்பு என்று அடித்துவிட்டு மறுபடி.
பத்தில் ஏழு.
சூத்திரத்தைத் திட்டினேன்,
சீட்டு ஒட்டியவனைத் திட்டினேன்,
ஒட்டியது நான்தான்.
மூன்றாவது முறை, தேநீர் ஏடு கட்டிக் கிடக்க,
வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.
அந்தக் கல் பிறந்ததே உயரத்தில்.
மூவாயிரம் மீட்டரில்,
நான் மூச்சு வாங்கி உட்கார்ந்து
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ற
அதே சரிவில்.
அந்த மெலிந்த காற்றை
ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருக்கிறது.
நான்தான் நம்பவில்லை.

அன்றிலிருந்து
காற்றைக் கண்டால் கல்லைக் காணோம்.

பெர்ன் நகரத்தில் நேர்காணல்.
மேசையின் அந்தப் பக்கம் மூன்று பேர்.
கல் படித்தவருக்குக் காற்றில் என்ன வேலை
என்று கேட்டார் ஒருவர், மரியாதையாகவே.
ஒத்திகை பார்த்த பதில் எங்கோ போய்விட்டது.
பையிலிருந்து பசால்ட் துண்டை எடுத்து வைத்தேன்.
அது உருண்டு அவர் காப்பிக் கோப்பையில் மோதியது.
இடம் கிடைத்தது.
காரணம் இன்றும் தெரியாது.

சுத்தியலை விமானத்தில் விடவில்லை.
தம்பி தாரோன் அதை வைத்து
அக்ரூட் உடைக்கிறானாம்.

இங்கே நக்கிப் பார்க்க ஒன்றுமில்லை.
திரையில் ஒரு கோடு, கோட்டில் ஒரு பள்ளம்.
தன் சூரியனை ஒட்டிக்கொண்டு சுற்றும்
ஏதோ ஒரு கோளின் சோடியம்.
முதல் வருடம் முழுக்க என் நிரல்
நாற்பத்தொன்றாவது அடுக்கில் இடிந்து விழுந்தது.
அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே என்றது,
வெட்கமே இல்லாமல்.
ஆரே ஆற்றங்கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு
அழுதிருக்கிறேன்.
வாத்துகள் நகர்ந்து வழிவிட்டன.

அந்தக் கோளில்
பகல் பக்கம் பாறை ஆவியாகிறது.
இருள் பக்கம் போய்ப்
பாறையாகவே பொழிகிறது.
அங்கே காற்று என்பதே கல்.

இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.
நெடுநேரம் பேச்சில்லை.
குவாரி நாய் குரைத்து ஓய்ந்தது.
பிறகு,
"சதெனிக், அந்தக் காற்று
கன மீட்டர் என்ன எடை வரும்?"

நேர்காணலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.
இரண்டு நாள் ஆயிற்று.
"ஒரு சிட்டிகை உப்பு, அப்பா.
அதிலும் பாதி."

"அவ்வளவுதானா,"
குரலில் தொழில்முறை வருத்தம்.
"அப்போ லாரி வேண்டாம்."